செந்நட்சத்திரம் யாருடைய சொத்து?

பாரிஸ் மாநகரின் வடக்கு எல்லையைத் தாண்டியவுடன் சாந்துவான் என்ற ஊர் வருகிறது. பாக்டரிகளும் பட்டறைகளும் பழைய சாமான் சந்தையும் நிறைந்த ஊராக அது நூறாண்டுக் காலம் இருந்து வந்தது. அங்கே ஒரு கால்பந்து கிளப் இருக்கிறது. அதன் பெயர் ‘ரெட் ஸ்டார்’. நம் பேச்சில் சொன்னால் செந்நட்சத்திரம். பச்சையும் வெள்ளையும் கலந்த சட்டை; நெஞ்சில் ஒரு சிவப்பு நட்சத்திரம். பெரிய கிளப் அல்ல. உலகப் பத்திரிகைகளில் தினமும் பெயர் அடிபடுகிற கிளப்பும் அல்ல.

இந்தக் கிளப்பை 2022-இல் அமெரிக்காவில் மயாமி நகரத்தைச் சேர்ந்த ‘777 பார்ட்னர்ஸ்’ என்ற முதலீட்டுக் கம்பெனி விலைக்கு வாங்கியது. இரண்டே ஆண்டுகளில் அந்தக் கம்பெனி கடனில் மூழ்கிக் கவிழ்ந்தது. கடன் கொடுத்த இன்சூரன்ஸ் கம்பெனியின் பிடிக்குள் கிளப்பும் போயிற்று. சாந்துவான் ஊர் ஜனங்கள் நூறாண்டுக்கு மேலாகக் கைதட்டி வளர்த்த கிளப், அவர்கள் முகம் அறியாத கணக்குப் புத்தகங்களில் ஒரு வரியாகிவிட்டது.

தூர தேசத்துப் பந்தாட்டச் சங்கதி நமக்கு எதற்கு என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். ஷிப்டு முடிந்து வருகிறவனுக்கும், நடவு முடித்துக் கரையேறுகிறவளுக்கும் இதில் என்ன இருக்கிறது? இருக்கிறது என்பதே நம் அபிப்பிராயம். உழைக்கும் ஜனங்கள் சேர்ந்து உண்டாக்கிய ஒரு பொருளை, உழைக்காதவன் ஒரு கையெழுத்தில் வாங்கவும் விற்கவும் எப்படி முடிகிறது? இந்தக் கேள்வி நெசவுத் தறிக்கும் நிலத்துக்கும் மட்டும் உரிய கேள்வி அல்ல. பந்துக்கும் உரியதுதான்.

பெயர் வந்த கதை

செந்நட்சத்திரம் என்ற பெயரைக் கேட்டவுடன், அக்டோபர் புரட்சியிலிருந்து வந்த பெயர் என்று நம்மில் பலர் நினைத்துவிடுவோம். அது சரியல்ல. கிளப் உண்டானது 1897 பிப்ரவரி 21-ஆம் தேதி. ரஷ்யப் புரட்சிக்கு இருபது ஆண்டுகள் முந்தியது. அட்லாண்டிக் கடலில் கப்பல் விட்டுக்கொண்டிருந்த ‘ரெட் ஸ்டார் லைன்’ என்ற கம்பெனியின் பெயரை ஓர் ஆங்கிலப் பெண்மணி யோசனையாகச் சொன்னார், நண்பர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்பது கிளப்பில் வழிவழியாகச் சொல்லி வரும் கதை.

கிளப்பைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஜூல் ரிமே. மளிகைக் கடைக்காரரின் மகன். வக்கீல் தொழிலுக்குப் படித்தவர். கத்தோலிக்க மதப்பற்று உள்ளவர். அவர் கம்யூனிஸ்ட் அல்ல. ஆனால் ஒரு விஷயத்தில் அவர் தம் காலத்துக் கனவான்களிலிருந்து மாறுபட்டார். அன்று பாரிஸில் பந்தாட்டம் என்றால் மாணவர்களும் ஆங்கிலேயக் குமாஸ்தாக்களும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளும் ஆடுவது. ரிமேயின் கிளப்போ, எந்த வகுப்பில் பிறந்தவனானாலும் உள்ளே வரலாம் என்று கதவைத் திறந்து வைத்தது. பந்தாட்டத்தோடு இலக்கியத்துக்கும் இடம் கொடுத்தது. இதே ரிமேதான் பின்னாளில், 1921 முதல் 1954 வரை சர்வதேசக் கால்பந்து சம்மேளனத்தின் தலைவராக இருந்தார். 1930-இல் உருகுவேயில் முதல் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது அவருடைய முயற்சியால்தான்.

இன்று கோடிகோடியாகப் பணம் புரளும் உலகக் கோப்பைக்கும், சாந்துவான் ஊரின் இந்தச் சிறிய கிளப்புக்கும் ஒரே தகப்பன். மூத்த பிள்ளை கடன்காரன் வாசலில் நிற்க, இளைய பிள்ளை பட்டு மெத்தையில் புரள்கிறது!

ஊர் வளர்த்த கிளப்

கிளப் முதலில் பாரிஸ் நகருக்குள் இடம் மாறி இடம் மாறி ஆடியது. 1909-இல் சாந்துவானில் சொந்த மைதானம் அமைந்தது. அந்த ஊர் எப்படிப்பட்ட ஊர்? இயந்திரப் பாக்டரிகள், மின்சாரச் சாதனப் பாக்டரிகள், ‘வொண்டர்’ பேட்டரி பாக்டரி, சித்ரோவன் மோட்டார் கம்பெனியின் தகடு அடிக்கும் பட்டறை என்று வரிசையாக எழும்பிய ஊர். இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் போலந்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்களும், பின்னாளில் அல்ஜீரியா முதலிய ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்களும் பாரிஸின் இத்தகைய வடபுறத்து ஊர்களில்தான் குடியேறினார்கள். பாரிஸைச் சுற்றிய இந்த ஊர்களுக்குச் ‘சிவப்பு வளையம்’ என்றே பெயர். சாந்துவான் நகரசபை 1945 முதல் 2014 வரை கம்யூனிஸ்டுகளின் நிர்வாகத்தில் இருந்தது.

கால்பந்து தொழிலாளியின் ஆட்டமானது தானாக நடந்துவிடவில்லை. பன்னிரண்டு மணி நேரம் இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவன் எந்த நேரத்தில் பந்து உதைப்பான்? 1919 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலைச் சட்டம் பிரான்சில் நிறைவேறியது. யுத்தத்திலிருந்து திரும்பிய தொழிலாளர்கள் மே தினத்தை நோக்கித் திரண்டுகொண்டிருந்த நேரத்தில், அச்சத்தில் பணிந்த சர்க்கார் கொடுத்த சட்டம் அது. அதன் பிறகுதான் மைதானங்களில் கூட்டம் பெருகியது. 1936-இல் மக்கள் முன்னணி வெற்றி பெற்று, நாடெங்கும் பாக்டரிகளில் தொழிலாளர்கள் உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தபோது, வாரம் நாற்பது மணி நேரமும் சம்பளத்தோடு இரண்டு வார லீவும் கிடைத்தன. விளையாட்டுக்கும் ஓய்வுக்கும் என்று சர்க்காரில் தனிப் பொறுப்பு ஏற்படுத்தி, லியோ லக்ராஞ்சிடம் அதை ஒப்படைத்ததும் அப்போதுதான். தொழிலாளர் விளையாட்டு ஸ்தாபனங்கள் இரண்டும் அதற்கு முன்பே, 1934-இல், பாசிஸத்தை எதிர்க்க ஒன்றாக இணைந்திருந்தன.

ஆட ஒரு மணி நேரம் வேண்டுமானால் அதற்கும் முதலில் போராட வேண்டியிருந்தது. இதை மறந்துவிட்டு விளையாட்டைப் பற்றிப் பேசுகிறவன், வேரைப் பார்க்காமல் பூவைப் பற்றிப் பேசுகிறவன்.

ரெட் ஸ்டாரின் பொற்காலமும் இந்த ஆண்டுகளிலேதான். பிரெஞ்சுக் கோப்பைப் போட்டி 1917-18-இல் தொடங்கியது. 1921, 1922, 1923 என்று தொடர்ந்து மூன்று முறை அந்தக் கோப்பையை ரெட் ஸ்டார் தட்டிச் சென்றது. 1928-இல் நான்காவது முறை. 1942-இல் செத் அணியை 2-0 என்ற கோல் கணக்கில் வென்று ஐந்தாவது முறை. 1932-இல் பிரான்சில் சம்பள ஆட்டக்காரர்களின் முதல் டிவிஷன் தொடங்கியபோது அதில் இடம்பெற்ற கிளப்புகளில் இதுவும் ஒன்று. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கின் பந்தாட்டங்கள் சில சாந்துவான் மைதானத்திலேயே நடந்தன.

ஒரு டாக்டரின் பெயர்

அந்த மைதானத்தை ஜனங்கள் ‘பவேர் மைதானம்’ என்று அழைக்கிறார்கள். அது பக்கத்துத் தெருவின் பெயர். தெருவுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

ஜான்-க்ளோத் பவேர் சாந்துவானில் வைத்தியம் பார்த்த டாக்டர்; கம்யூனிஸ்ட். 1940-இல் ஹிட்லரின் படைகள் பாரிஸில் நுழைந்தன. மார்ஷல் பெத்தேனின் விஷி சர்க்கார் ஜெர்மானியர்களின் காலில் விழுந்தது. படித்தவர்களில் பலர் வாய்மூடி இருந்தார்கள். டாக்டர் பவேர் வாய்மூடவில்லை. எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தார், டாக்டர்களைத் திரட்டினார், ரகசியப் பத்திரிகை வேலையில் ஈடுபட்டார். 1942-இல் பிடிபட்டார். தத்துவ ஆசிரியர் ஜார்ஜ் பொலிட்சரோடு சேர்த்து, 1942 மே 23-ஆம் தேதி மோன் வலேரியன் கோட்டையில் ஜெர்மானியர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது முப்பதைச் சிறிதே தாண்டியிருந்தது.

யுத்தம் முடிந்தது. ஊர், தெருவுக்கு அவர் பெயரைச் சூட்டியது. தெருவிலிருந்து மைதானத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று எத்தனையோ நாடுகளில் மைதானங்களின் பெயரை விமானக் கம்பெனிக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் வாடகைக்கு விடுகிறார்கள். சாந்துவானில் ஜனங்கள் வாயில் ஒரு தியாகியின் பெயர் நிற்கிறது. அதற்கு யாரும் காசு கொடுக்கவில்லை.

வலது ஓரத்தில் ஓடிய வாலிபன்

டாக்டர் பவேரோடு கதை முடியவில்லை. இந்தக் கிளப்பின் சட்டையையே அணிந்த ஒருவரின் வரலாற்றையும் சொல்ல வேண்டும்.

ரினோ டெல்லா நெக்ரா 1923-இல் வடபிரான்சின் விமி என்ற ஊரில் பிறந்தார். தாய் தந்தையர் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். குடும்பம் பாரிஸுக்கு அருகிலுள்ள ஆர்ஜாந்தெய் ஊரில் குடியேறியது. பதினான்கு வயதில் ரினோ ஷோசோன் பாக்டரியில் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் பாக்டரி, ஓய்வில் பந்து. காற்றாகப் பறக்கும் கால்கள் என்று பெயர் எடுத்தார். வலது ஓரத்தில் ஓடுகிற ஆட்டக்காரர். 1943-இல் ரெட் ஸ்டார் அவரைச் சேர்த்துக்கொண்டது.

அதே 1943-இல் அவருக்கு ஓர் உத்தரவு வந்தது. ஜெர்மன் யுத்தப் பாக்டரிகளில் வேலை செய்யப் பிரெஞ்சு வாலிபர்களை வண்டி வண்டியாக அனுப்பிக்கொண்டிருந்தது விஷி சர்க்கார். ‘கட்டாய உழைப்பு’ என்று அதற்குப் பெயர். ரினோவையும் புறப்படச் சொன்னார்கள். ஹிட்லருக்குப் பீரங்கி செய்ய அவர் போகவில்லை. தலைமறைவானார். வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களைக் கொண்டு கம்யூனிஸ்டுகள் அமைத்திருந்த ஆயுதப் படையில் சேர்ந்தார். பாரிஸில் அந்தப் படையின் தலைவராகப் பிறகு வந்தவர் மிசாக் மனூஷியான் என்ற ஆர்மீனியர், அவரும் பாக்டரியில் வேலை பார்த்தவர், கவிஞர்.

1943 ஜூனில் பாரிஸிலிருந்த இத்தாலிய பாசிஸ்டுகளின் அலுவலகம் தாக்கப்பட்டது. அந்தத் தாக்குதலில் ரினோவுக்குப் பங்கு உண்டு. எதிரியோடு மோதிக்கொண்டே பந்தும் ஆடி வந்தார். அந்தப் பருவத்தில் விஷி சர்க்கார், சம்பள ஆட்டக்காரர்களை அவர்களுடைய கிளப்புகளிடமிருந்து பிரித்தெடுத்துத் தன் கட்டுப்பாட்டிலான பிராந்திய அணிகளில் போட்டிருந்தது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஜனங்கள் சேர்ந்து வைத்திருக்கிற எதையும் பாசிஸ்டுகள் விட்டுவைப்பதில்லை.

1943 நவம்பர் 12-ஆம் தேதி பாரிஸின் லபாயெத் தெருவில் ஜெர்மானியருக்குப் பணம் கொண்டு சென்றவர்கள் மீது நடந்த தாக்குதலில் ரினோ குண்டடிபட்டுப் பிடிபட்டார். சில நாட்களில் மனூஷியானும் மற்றவர்களும் பிடிபட்டார்கள். 1944 பிப்ரவரியில் ஜெர்மன் ராணுவ நீதிமன்றம் இருபத்து மூன்று பேருக்கு மரணதண்டனை விதித்தது. அவர்களில் இருபத்திரண்டு பேரைப் பிப்ரவரி 21-ஆம் தேதி மோன் வலேரியனில் சுட்டுக் கொன்றார்கள். ஒல்கா பான்சிக் என்ற பெண் தோழரை ஜெர்மனிக்குக் கொண்டு போய் மே 10-ஆம் தேதி தலையை வெட்டினார்கள். ரினோவுக்கு வயது இருபது.

சாவதற்கு முன் ரினோ தம்பிக்கு ஒரு கடிதம் எழுதினார். வீட்டாரையும் நண்பர்களையும் நினைவுகூர்ந்த அந்தக் கடிதத்தில், ரெட் ஸ்டார் கிளப்பில் உள்ள அனைவருக்கும் தம் வணக்கத்தையும் பிரிவு வார்த்தையையும் சொல்லச் சொல்லியிருந்தார். சில மாதங்களே ஆடிய கிளப் அது. துப்பாக்கிகள் காத்திருக்கும் நேரத்தில் அவருக்கு அது ஞாபகம் வந்தது.

ஹிட்லரின் ஆட்கள் அந்தப் போராளிகளில் பத்துப் பேரின் படங்களைச் சிவப்புச் சுவரொட்டியில் அச்சடித்து, ‘பாருங்கள், இவர்கள் அந்நியர்கள், கொலைகாரர்கள்’ என்று ஊரெங்கும் ஒட்டினார்கள். ஆர்மீனியர், போலந்து யூதர், ஹங்கேரிய யூதர், இத்தாலியர், ஸ்பானியர் என்று பெயருக்குப் பெயர் பிறப்பிடம் எழுதினார்கள். வேறு மண்ணில் பிறந்தவன் என்று சொன்னால் ஜனங்கள் வெறுப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு பொய்த்தது. 2024 பிப்ரவரி 21-ஆம் தேதி, எண்பது ஆண்டுகள் கழித்து, பிரெஞ்சு சர்க்கார் மனூஷியானின் உடலையும் அவர் மனைவி மெலினேயின் உடலையும் தேசத்தின் பெரியவர்கள் உறங்கும் பாந்தியோன் மண்டபத்தில் வைத்து மரியாதை செய்தது. அதே பிப்ரவரி 21 ரெட் ஸ்டாரின் பிறந்த தேதியும் ஆகும். ஆனால் சாந்துவான் ஜனங்கள் சர்க்கார் நினைத்துப் பார்க்கும் வரை காத்திருக்கவில்லை. பவேர் மைதானத்தில் நின்று கோஷம் போடும் தங்கள் பகுதிக்கு அவர்கள் எப்போதோ ரினோ டெல்லா நெக்ராவின் பெயரைச் சூட்டிவிட்டார்கள்.

ஆட்டக்காரனும் கூலிக்காரனே

கிளப் யாருடையது என்று பேசும்போது ஆட்டக்காரனை மறக்கலாகாது. 1960-களின் கடைசிவரை பிரெஞ்சு ஆட்டக்காரனின் நிலை என்ன? கிளப்போடு ஒருமுறை ஒப்பந்தம் எழுதிவிட்டால் முப்பத்தைந்து வயது வரை அவன் அந்தக் கிளப்பின் சொத்து. வேறு கிளப்புக்குப் போக வேண்டுமானால் எஜமான் மனது வைக்க வேண்டும். எஜமான் விற்க நினைத்தால் ஆட்டக்காரன் வாய் திறக்க முடியாது.

ரேமோன் கோப்பா என்ற பெயரைப் பலர் கேட்டிருப்பீர்கள். போலந்திலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, பதினான்கு வயதில் தானும் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி, விபத்தில் கைவிரலில் ஊனமடைந்தவர். ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரானார். அவர் 1963-இல் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்து, ஆட்டக்காரர்கள் அடிமைகள் என்று பகிரங்கமாகச் சொன்னார். நிர்வாகிகள் துள்ளிக் குதித்தார்கள். அவர்மீது நடவடிக்கை எடுத்தார்கள். ஆனால் ஆட்டக்காரர்கள் 1961-லேயே தங்கள் தொழிற்சங்கத்தை அமைத்திருந்தார்கள். அதை அமைத்தவர்களில் முன்னின்றவர் காமரூனில் பிறந்த எழேன் ந்ஜோ லேயா. கோப்பாவும் அவரோடு நின்றார்.

1968 மே மாதம் பிரான்சு முழுவதும் பொது வேலைநிறுத்தம். மே 22-ஆம் தேதி பந்தாட்டக்காரர்கள் கூட்டமாகச் சென்று பாரிஸிலுள்ள கால்பந்து சம்மேளனத்தின் காரியாலயத்தைக் கைப்பற்றி, கால்பந்து ஆட்டக்காரர்களுக்கே சொந்தம் என்று எழுதித் தொங்கவிட்டார்கள். அதே நாட்களில் சாந்துவானின் வொண்டர் பேட்டரி பாக்டரியிலும் வேலைநிறுத்தம். ஜூனில் வேலைக்குத் திரும்பச் சொன்னபோது, அந்த அழுக்குக் குழிக்குள் மறுபடி கால் வைக்க மாட்டேன் என்று ஒரு பெண் தொழிலாளி வாசலில் நின்று கதறியதை மாணவர்கள் படம் பிடித்தார்கள். அந்தப் பத்து நிமிடப் படம் இன்றும் ஓடுகிறது.

போராட்டம் வீண் போகவில்லை. 1969-இல் ஆயுள் ஒப்பந்தம் ஒழிந்து, ஆண்டுக் கணக்கில் முடிகிற ஒப்பந்தம் வந்தது. சங்கம் இல்லாமல் இது நடந்திருக்குமா? நடந்திராது.

பாக்டரிகள் மூடின, நிலம் விலையேறியது

1975-இல் ரெட் ஸ்டார் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. அதன் பிறகு இன்றுவரை அங்கே திரும்பவில்லை. 1978-இல் கிளப் நொடித்துப்போய், மறுபடி அடியிலிருந்து தொடங்கியது. 2003-இல் இன்னொரு நொடிப்பு. உள்ளூர்ப் பிராந்தியப் போட்டிகளுக்குத் தள்ளப்பட்டது. இதே காலத்தில் ஊரும் மாறியது. வொண்டர் பாக்டரி மூடியது. சித்ரோவன் பட்டறை 2021-இல் மூடியது. வேலை செய்து வாழ்ந்த ஊர் வேலை தேடி அலையும் ஊரானது.

கிளப் படிப்படியாக எழுந்து 2015-இல் இரண்டாம் டிவிஷனுக்கு வந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. பவேர் மைதானம் விதிமுறைகளுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி, சுமார் 70 கிலோமீட்டர் தூரத்திலுள்ள பொவே ஊருக்குப் போய் ஆடச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு பாரிஸின் பணக்காரப் பேட்டையிலுள்ள ஜான் புவேன் மைதானம். உள்ளூர் ஆட்டத்தைப் பார்க்க வேலைநாள் மாலையில் 70 கிலோமீட்டர் போய் வர எந்தத் தொழிலாளிக்குக் கட்டும்? கிளப் மேலே ஏறியது. ஜனங்கள் வெளியே நின்றார்கள்.

பிறகு பெருமுதலாளிகளின் கண் சாந்துவான் மீது விழுந்தது. ஏன்? பந்தின் மேல் ஆசையா? 2020-இல் பாரிஸ் பாதாள ரயிலின் இன்னொரு பாதையும் சாந்துவானுக்கு நீண்டது. 2024 ஒலிம்பிக்குக்கு ஆட்டக்காரர்கள் தங்கும் குடியிருப்பின் ஒரு பகுதி அந்த ஊரில் எழுந்தது. பாக்டரி இருந்த மனைகளில் காரியாலயங்களும் விலையுயர்ந்த வீடுகளும் முளைத்தன. நிலத்தின் விலை ஏறியது. நகரசபை தன் மைதானத்தைத் தனியார் கட்டுமானக் கம்பெனிக்கு விற்றது. மைதானத்தோடு கடைகளும் காரியாலயங்களும் கட்டுவது திட்டம். மறு ஆண்டு, 2022-இல், கிளப்பையே அமெரிக்கக் கம்பெனி வாங்கியது.

சாந்துவானின் ஆதரவாளர்கள் வாய்மூடி இருக்கவில்லை. பதாகை பிடித்தார்கள்; ஆட்டத்தின்போதே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்தக் கம்பெனி கையில் ரெட் ஸ்டார் மட்டும் இல்லை. இத்தாலியில் ஜெனோவா, பெல்ஜியத்தில் ஸ்டாண்டர்ட் லியேஜ், பிரேசிலில் வாஸ்கோ ட காமா, ஜெர்மனியில் ஹெர்த்தா பெர்லின் என்று கண்டத்துக்குக் கண்டம் கிளப்புகளை வாங்கி அடுக்கி வைத்திருந்தது. வட்டிக்கடைக்காரன் பெட்டியில் ஊரார் தாலியெல்லாம் சேர்ந்து கிடப்பதைப் போல! 2024 மே மாதம் லண்டன் கடன்காரர்கள் நியூயார்க் நீதிமன்றத்தில் அதன் மீது மோசடி வழக்குத் தொடர்ந்தார்கள். அடகு வைத்த சொத்துகளையே மறுபடி அடகு வைத்தது என்பது குற்றச்சாட்டு. கட்டடம் சரிந்தது.

எதிர்வாதத்தைப் பார்ப்போம்

‘பணம் போடுகிறவன் இல்லாவிட்டால் கிளப் ஏது? 2003-இல் முதலாளி இல்லாமலா நொடித்தது? கம்பெனி வாங்கிய பிறகுதானே 2024-இல் ரெட் ஸ்டார் மூன்றாம் டிவிஷனில் முதலிடம் பெற்று மேலே வந்தது?’ என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, பதில் சொல்லாமல் தாண்டக் கூடாது.

2024-இல் வென்றது உண்மை. அந்த ஆண்டு ஊரே கொண்டாடியதும் உண்மை. கொண்டாடிய ஜனங்களை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அதே மே மாதத்தில்தான் எஜமான் வீடு பற்றி எரிந்துகொண்டிருந்தது. ஆட்டக்காரன் கோல் போட்ட மாதத்தில் எஜமான் கோர்ட்டில் நின்றான். வெற்றி ஆட்டக்காரர்களின் காலில் கிடைத்தது. ஆபத்து எஜமானின் கையெழுத்தில் வந்தது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுவது எப்படி நியாயம்?

தனிமுதலாளி இல்லாவிட்டால் கிளப் வாழாது என்பதும் பொய். பெஜோ மோட்டார் கம்பெனி 1928-இல் தன் பாக்டரி ஊரில் உண்டாக்கிய கிளப் சோஷோ. 2015-இல் பெஜோ அதை ஆசிய முதலாளிக்கு விற்றது. 2023-இல் கிளப் அழியும் நிலைக்கு வந்தது. காப்பாற்றியது யார்? ஆயிரக்கணக்கான ஆதரவாளர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பணம் போட்டு, உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து கிளப்பைத் தூக்கி நிறுத்தினார்கள்; தாங்களும் பங்குதாரர்களானார்கள். கோர்சிகா தீவின் பாஸ்டியா கிளப் 2017-இல் நொடித்து ஐந்தாம் படிக்கு விழுந்தது. 2019-இல் அதைக் கூட்டுறவு ஸ்தாபனமாக மாற்றினார்கள். ஆட்டக்காரர், ஊழியர், ஆதரவாளர், உள்ளூர் ஸ்தாபனங்கள் எல்லோருக்கும் அதில் இடம். 2021-இல் அந்தக் கிளப் இரண்டாம் டிவிஷனுக்கு ஏறியது. ஜெர்மனியில், சில விதிவிலக்குகள் தவிர, கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்று 1998 முதல் விதி இருக்கிறது.

கூட்டுறவு என்றவுடன் எல்லாம் நேராகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஒரு பக்கம் கூட்டுறவுக் கிளப். மறுபக்கம், சில கிலோமீட்டர் தள்ளி, கத்தார் சர்க்காரின் பணத்தில் 2011 முதல் நடக்கிற பாரிஸ் சாஞ்ஜெர்மேன் கிளப். 2017-இல் ஒரே ஆட்டக்காரரை வாங்க 222 மில்லியன் யூரோ கொட்டிய கிளப் அது! இந்தப் பணக் காட்டில் சிறிய கிளப் தனியாக நின்று எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? கூட்டுறவு ஒரு தடுப்பு மட்டுமே. விதிகளை மாற்ற, மைதானங்களைப் பொதுச் சொத்தாக வைக்க, ஒளிபரப்பில் வரும் பணத்தைச் சிறிய கிளப்புகளுக்கும் பகிர்ந்து கொடுக்க, நாடு தழுவிய போராட்டம் வேண்டும். அதைச் சாந்துவான் ஜனங்கள் மட்டும் நடத்த முடியாது.

நாம் சொல்வது

கிளப் என்பது என்ன? புல் தரையா? கட்டடமா? சட்டையில் தைத்த சின்னமா? இவை எல்லாவற்றையும் பணம் கொடுத்து வாங்கலாம், வாங்கிவிட்டார்கள். ஆனால் சனிக்கிழமை தோறும் வந்து நிற்கும் ஜனங்கள் இல்லாவிட்டால் அந்தப் புல் தரைக்கு என்ன மதிப்பு? டாக்டர் பவேரும் ரினோவும் இல்லாவிட்டால் அந்தச் சின்னம் வெறும் கப்பல் கம்பெனியின் அடையாளம்தானே? 1897-இல் அது தற்செயலாக வந்த ஒரு பெயர். அதற்கு அர்த்தம் கொடுத்தது ஊர். பாக்டரி ஊழியர்கள் கொடுத்தார்கள். பிழைக்க வந்த அந்நியர்கள் கொடுத்தார்கள். இருபது வயதில் மோன் வலேரியனில் சாய்ந்த ஒரு வாலிபன் கொடுத்தான். கம்பெனி விலை கொடுத்து வாங்கியதும் இந்த அர்த்தத்தைத்தான். இது இல்லாவிட்டால் மூன்றாம் டிவிஷன் கிளப் ஒன்றைத் தேடி மயாமியிலிருந்து யாரும் வரமாட்டார்கள்.

ஆகவே நம் பதில் தெளிவானது. மதிப்பை உண்டாக்கியவர்களுக்கே சொத்தின் மேல் உரிமை. கிளப்பை விற்பதானால் உறுப்பினர்களைக் கேட்டு விற்க வேண்டும். மைதானம் ஊரின் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். ஆட்டக்காரரின் சங்கத்துக்கும் ஊழியர்களுக்கும் நிர்வாகத்தில் குரல் வேண்டும். டிக்கெட் விலை அந்த ஊர்க் கூலிக்காரனின் கைக்கு எட்டுவதாக இருக்க வேண்டும். இவை பெரிய புரட்சிக் கோரிக்கைகள் அல்ல. சோஷோவிலும் பாஸ்டியாவிலும் ஜெர்மனியிலும் இவற்றில் சில இன்றைக்கே நடைமுறையில் இருப்பவை.

வேலை செய்து களைத்தவனுக்கு ஆட்டமும் பாட்டும் எதற்கு என்று கேட்கிறவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. கூலி கேட்டால் ‘பேராசை’ என்பார்கள். ஓய்வு கேட்டால் ‘சோம்பல்’ என்பார்கள். அந்த ஓய்வில் நாமே சேர்ந்து ஒன்றை உண்டாக்கிவிட்டாலோ, அதற்கு விலை பேச வந்து நிற்பார்கள். சாந்துவானின் கதை இதுதான், தோழர்களே. விலை பேச வருகிறவனிடம் அந்த ஊர் ஜனங்கள் பதாகை பிடித்து மறுப்புச் சொன்னார்கள். அன்று அவர்கள் தோற்றார்கள். ஆயினும் வாங்கியவன் கவிழ்ந்தான்; அவர்கள் இன்னும் மைதானத்தில் நிற்கிறார்கள். நின்று, ரினோவின் பெயரைச் சொல்லிக் கோஷம் போடுகிறார்கள். அவர்கள் பக்கம்தான் நாம்.